‘உனக்கு வேணும்’ எண்டது ஒரு வைத்தியம் இல்லை

மேல்காதில் குத்தின ஒரு பெட்டைக்கு, இரண்டு மாதத்தில் ஓட்டைக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு உருண்டை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் வாயைத் திறக்க முதலே பதில்கள் வரிசையில் நிற்கும். அம்மா: "அப்பவே சொன்னனான், கேட்டனியே? உனக்கு வேணும்." மாமி: "எலும்பில குத்தினால் அப்பிடித்தான் வரும்." (அது எலும்பே இல்லை மாமி, கசியிழையம். பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில இருக்கு.) குத்திவிட்ட சலூன் அக்கா: "அது தானாப் போயிடும், மஞ்சள் பூசுங்கோ." பார்மசிக்காரர் பேர் தெரியாத ஒரு கிறீமை எடுத்து நீட்டுவார். இன்ஸ்டகிராமில் ஒருத்தர், "நகையை மாத்துங்கோ, டீ ட்ரீ ஒயில் வையுங்கோ, ரெண்டு கிழமையில போயிடும்" என்பார். ஐந்து பேர் தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டார்கள். அந்த உருண்டையைக் கிட்ட வந்து பார்த்தவர் ஒருத்தரும் இல்லை.

இதில் எனக்கு அதிகம் கோபம் வருவது முதலாவது வசனத்தில்தான். மற்ற நாலும் அறியாமை, திருத்தலாம். ‘உனக்கு வேணும்’ என்பது வேற சாமான். அதைக் கேட்ட பிள்ளை அடுத்த நாளே தலைமயிரை இழுத்துக் காதை மூடும். மூடினால் வியர்க்கும், மயிர் சுத்தும், சீப்புப் பட்டு இழுபடும், உருண்டை இன்னும் பெருக்கும். வீட்டில் கேட்டால் "ஒண்டுமில்லை" என்று சொல்லும். தொடக்கத்தில் இலேசாகக் கையாண்டிருக்கக்கூடிய ஒன்று, இரண்டு வருசம் கழிச்சு நெல்லிக்காய் அளவில், ராவில் நித்திரை கொள்ள விடாத கடியோடு கிளினிக்குக்குப் போகும். அங்கேயும் அதே வசனம், இந்த முறை வெள்ளைக் கோட்டுக்குள் இருந்து.

உடம்பில் ஓட்டை போடுவது எங்கட ஆக்களுக்கு என்ன புதுசே? ஒரு வயது திரும்ப முதல் பத்தரைக் கூப்பிட்டோ, டொக்டரிட்டக் கொண்டுபோயோ பிள்ளைக்குக் காது குத்துகிறோம். பிள்ளை வீரிட்டுக் கத்தும், நாங்கள் போட்டோ எடுப்போம். அதன் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. இண்டைக்கு ‘ஹீலிக்ஸ்’ என்று ஆங்கிலப் பேர் சொல்லிக் குத்துகிற மேல்காதில்தான் பழைய ஆச்சிமார் கொப்பும் வாளியும் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். திருவிழாவில் முதுகில் செடில் குத்தித் தூக்குக்காவடி எடுக்கிறவரை ஊரே கும்பிடும். அதே வீதியில் ஒரு பெடியன் காதில் ஒரு சின்னக் கடுக்கன் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனால் வாசலிலேயே "கழட்டிப்போட்டு வா." நேர்த்திக்கடனை நான் நக்கல் அடிக்கவில்லை. யார், எதற்காகக் குத்தினார்கள் என்பதை வைத்துத்தான் காயத்துக்கு மரியாதை கொடுக்கிறோம் என்று மட்டும் சொல்லுகிறேன்.

இதைவிடக் கனமான ஒரு உதாரணமும் இருக்கு. வன்னியில் ஷெல் துண்டு பட்டவர்கள், எரிகாயம் பட்டவர்கள் எத்தனையோ பேரின் உடம்பில் மேடு தட்டின, வெயிலில் இன்னமும் கடிக்கிற தழும்புகள் இருக்கின்றன. அவர்களிடம் யாரும் ‘உனக்கு வேணும்’ என்று சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் தோலுக்கு இந்த நியாய அநியாயம் ஒன்றும் தெரியாது. ஷெல், சுடுதண்ணி, சிசேரியன், கொப்புளிப்பான், தோட்டு ஊசி எல்லாம் அதற்குக் காயம்தான். காயத்தை மூடக் கொலாஜன் என்ற நார்ப்பொருளை அது உற்பத்தி செய்கிறது. பெரும்பாலானவர்களுக்கு வேலை முடிந்ததும் உற்பத்தி குறைந்து தழும்பு தட்டையாகிவிடும். சிலருக்கு ‘போதும், நிப்பாட்டு’ என்ற செய்தி சரியாகப் போய்ச் சேர்வதில்லை. மதில் கட்டி முடிஞ்ச பிறகும் சீமெந்து குழைச்சுக்கொண்டே நிக்கிற மேசன் மாதிரி, தோல் கட்டிக்கொண்டே போகும். இதற்குப் பின்னால் பரம்பரை இருக்கு. எங்களைப் போலக் கறுத்த, மாநிறத் தோல் உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வருகிறது, அதுவும் பெரும்பாலும் 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையில். இதில் எந்த இடத்தில் ஒழுக்கம் வருகுது?

இனி அந்த உருண்டையைக் கிட்ட போய்ப் பார்ப்போம். குத்தின இடத்தில் மேடாக வருவதெல்லாம் ஒன்றே இல்லை.

முதல் சில கிழமைகளில் ஓட்டை வாயிலேயே சிவந்து, ஈரமாக, தொட்டால் இரத்தம் கசிகிறதாக ஒன்று வரும். அனேகமாக அது உரசலால் வருகிற சதைத் திரட்சி, வைத்தியர்கள் கிரனுலோமா என்பார்கள். தோட்டின் தண்டு நீளம் கூடிப்போய் ஆடுவது, கட்டையாகிப் பதிந்து இறுக்குவது, நிக்கல் கலந்த மலிவு உலோகம், அந்தப் பக்கமே சரிஞ்சு படுக்கிறது, ஹெல்மெட், ஹெட்போன் எல்லாம் காரணம். காரணத்தை எடுத்தால் பெரும்பாலும் அடங்கும். அடங்காமல் இரத்தம் வந்துகொண்டிருந்தால் காட்டவேணும். இரண்டாவது, தடித்த தழும்பு. ஒன்றிரண்டு மாதத்தில் வரும், உறைப்பாக இருக்கும், ஆனால் காயத்தின் எல்லையைத் தாண்டாது. மாதக்கணக்கில், சில வேளை ஒரு வருசத்துக்கு மேலும் எடுத்து, மெல்ல மெல்லப் பதியும். மூன்றாவதுதான் கீலொய்ட். குத்தின காயம் ஆறி, நாங்கள் அதை மறந்து, மூன்று மாதமோ ஒரு வருசமோ கழிச்சுக்கூடத் தொடங்கலாம். மினுங்கிக்கொண்டு, இறுகி, குத்தின இடத்தின் எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள்ளும் ஏறும். கடிக்கும், சுருக்கென்று குத்தும். காதுச்சோணையில் வந்தால் முன்பக்கம் சின்னதாகவும் பின்பக்கம் பெரிதாகவும் இருப்பதுண்டு, அதனால் கண்ணாடியில் தெரியாமலேயே வளர்ந்துவிடும். அது தானாகப் போவதில்லை. தொற்றாது. புற்றுநோயும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலிபேர் என்ற பிரெஞ்சு வைத்தியர் முதலில் புற்றுநோயை ஞாபகப்படுத்துகிற ஒரு பேரைத்தான் இதற்கு வைத்தார். பிறகு, ஆக்கள் குழம்பக்கூடாது என்று நண்டுக் கொடுக்கைக் குறிக்கிற கிரேக்கச் சொல்லில் இருந்து இந்தப் பேரை உண்டாக்கினார். இருநூறு வருசம் கழிச்சும் எங்கட ஊரில் "கட்டி எண்டால் கான்சரா இருக்குமோ" என்று குசுகுசுக்கினம்.

இந்த மூன்றிலும் சேராத ஒன்றுக்குக் காத்திருக்கவே கூடாது. மேல்காது முழுக்கச் சிவந்து, வீங்கி, சுட்டு, தொடவிடாமல் வலித்து, கீழ்ச்சோணை மட்டும் சாதாரணமாக இருந்தால் அது கசியிழையத்தைச் சுற்றிய கிருமித்தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். இதை அடிக்கடி உண்டாக்குகிற சூடோமோனாஸ் என்ற பக்டீரியாவுக்கு, நாங்கள் பார்மசியில் சும்மா வாங்கி விழுங்குகிற அமொக்சிசிலின் வேலை செய்யாது. பிந்தினால் கசியிழையம் அழிந்து காது சுருங்கிவிடும், பழையபடி வராது. சீழ் இருக்கும்போது தோட்டை நீங்களாகவே இழுத்துக் கழட்டவும் வேண்டாம். ஓட்டை மூடி, சீழ் உள்ளே நின்றுவிடலாம்.

எங்கட பக்கத்து ஆக்களுக்கும் கொஞ்சம் சொல்லவேணும். ‘என் உடம்பு, என் உரிமை’ என்று எழுதுகிற பக்கங்களில் இப்ப ஒரு புது வேதம் ஓடுது: "அது கீலொய்ட் இல்லை, வெறும் உரசல் கட்டி. பயப்பிடாதேங்கோ, நகையை மாத்தினால் சரி." முதல் மாதங்களில் வருவதில் பெரும்பாலானவற்றுக்கு இது பொருந்தும் என்பது உண்மை. ஆனால் படத்தைக் கூடப் பார்க்காமல் எல்லாருக்கும் இதையே சொல்கிறார்கள். உண்மையான கீலொய்ட் உள்ள பிள்ளை இதை நம்பி ஆறு மாதம் தோட்டை மாற்றி மாற்றிப் போட்டு, அதே இடத்தை ஆறு முறை புண்ணாக்கும். அஸ்பிரின் குளிசையை அரைத்துப் பூசு, பற்பசை வை, எலுமிச்சம்புளி விடு, நூலால இறுக்கிக் கட்டு என்கிற வீடியோக்களைப் பார்த்தால் எனக்குக் காது கூசுது. எரிகிற தோல் இன்னும் கொஞ்சம் கொலாஜனைக் கட்டும், அவ்வளவுதான். ஆறாத காயத்தைக் கழுவ சேலைன் போதும். ஸ்பிரிட்டும் டெட்டோலும் மஞ்சளும் தேவையில்லை. பெரியாக்களின் ‘உனக்கு வேணும்’ பிள்ளையை ஒளிக்கச் செய்கிறது. எங்கட ‘ஒண்டுமில்லை’ அதே பிள்ளையைக் காத்திருக்கச் செய்கிறது. கட்டிக்கு ரெண்டும் ஒண்டுதான்.

குத்த முதலே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கு, அதை ஒருத்தரும் கேட்பதில்லை. இலங்கையில் பிறந்த உடனேயே எல்லாருக்கும் பி.சி.ஜி. ஊசி போடுகிறார்கள். இடது தோளில் அந்தத் தழும்பைத் தடவிப் பாருங்கள். சின்னதாகப் பதிந்திருந்தால் சந்தோசம். மேடு தட்டி, மினுங்கி, வருசா வருசம் பெருத்திருந்தால் உங்கட தோல் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. கொப்புளிப்பான் தழும்பையும் பாருங்கள். அம்மாவின் ஒப்பரேசன் தழும்பு, அண்ணாவின் நெஞ்சில் பரு வந்து மேடான இடம், சித்தியின் காது எல்லாம் கேள்விதான். இவ்வளவுக்கும் சரியாக ஒரு நிமிசம் போகும். தழும்பு பதிந்திருப்பதால் பயமே இல்லை என்று யாரும் எழுதித் தரமுடியாது, ஆனால் மேடு தட்டியிருந்தால் குத்தாமல் விடுவதுதான் புத்தி.

இங்கே பெரியாக்களுக்கு ஒரு புள்ளி கொடுக்கத்தான் வேணும். 2005இல் அமெரிக்காவின் ‘பீடியற்றிக்ஸ்’ சஞ்சிகையில் ஒரு சின்ன ஆய்வு வந்தது. காது குத்திக் கீலொய்ட் வந்த 32 பேரை விசாரித்தார்கள். முதல் தடவை காது குத்தினது 11 வயதிலோ அதற்குப் பிறகோ என்றவர்களில் 80 வீதமானவர்களுக்கு அந்த முதல் ஓட்டையிலேயே கீலொய்ட் வந்திருந்தது. 11 வயதுக்கு முதல் குத்தினவர்களில் அது 23.5 வீதம். 32 பேரை வைத்துச் சட்டம் எழுதேலாது. ஆனாலும், குழந்தையில் குத்துகிற எங்கட வழக்கத்தில் தோலின் கணக்குப்படி ஒரு நியாயம் இருக்கக்கூடும். அப்படியென்றால் "எங்கட முறை நல்லது, உன்ர ஸ்டைல் கூடாது" என்று கத்தாமல், "இந்த வயதில குத்துறாய், எங்கட குடும்பத்தில இப்பிடித் தழும்பு வாறது, கவனம்" என்று சொல்லலாமே. பிள்ளைக்கு அது உதவும். அந்தத் தகவல் அம்மாவிடம்தான் இருக்கு.

குத்துகிறவர்களிடம் வருவோம். நகைக்கடையிலும் சலூனிலும் ‘கன்’ வைத்துக் குத்துகிறார்கள். அந்தக் கன்னுக்குள் இருக்கிற தோடு ஊசி மாதிரிக் கூர்மையானது இல்லை. ஸ்பிரிங்கின் வேகத்தால் இழையத்தை நசித்துக்கொண்டு போகிறது. மெல்லிய சோணை அதைத் தாங்கிக்கொள்ளும், கசியிழையம் அப்படி இல்லை, அதற்கு இரத்த ஓட்டமும் குறைவு. பிளாஸ்டிக் உடம்புள்ள கன்னை ஒட்டோகிளேவில் வைத்து அவிக்கவும் முடியாது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்த ஆள். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஒரு நகைக் கடைத்தட்டில் மேல்காது குத்தின ஆக்களுக்கு மேலே சொன்ன சூடோமோனாஸ் தொற்று கூட்டமாக வந்தது. அங்கே கிருமி கொல்லத் தெளித்த மருந்துப் போத்தலுக்குள்ளேயே கிருமி இருந்தது. மேல்காதை வெற்று ஊசியால், புதிதாக உறை பிரித்த ஊசியால் குத்தவேணும். சோணை ஆற 6 தொடக்கம் 8 கிழமை, மேல்காது ஆற 6 மாதத்திலிருந்து ஒரு வருசம். குத்துகிறவர் இதைச் சொல்கிறாரா? "ரெண்டு கிழமையில சரியாயிடும் தங்கச்சி" என்றுதான் சொல்கிறார், ஏனென்றால் ஒரு வருசம் என்றால் தங்கச்சி எழும்பிப் போயிடுவா. ஒரு காதுக்குக் காசு வாங்குகிற கைக்கு, பி.சி.ஜி. தழும்பைக் காட்டச் சொல்லிக் கேட்க ஒரு நிமிசம் இல்லையா? குத்தவேண்டாம் என்று ஒரு வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பின கடையை நான் இன்னும் காணவில்லை.

வைத்தியத்துக்கு வந்தால், ஒளித்ததன் விலை அங்கேதான் தெரியும். வீட்டில் கட்டி வெளிப்படுவது அனேகமாகக் கலியாணப் பேச்சு வரும்போது. "நாளுக்கு முதல் வெட்டி எடுத்திடுவம்." கீலொய்டை வெறுமனே வெட்டினால், வெட்டினது இன்னொரு காயம், முதல் காயத்தை விடப் பெரிய காயம். வெட்டினதோடு நிறுத்தினால் பாதிப் பேருக்காவது, சில கணக்குகளில் கிட்டத்தட்ட எல்லாருக்கும், திரும்ப வருகிறது, பல வேளை முந்தினதை விடப் பெருசாக. கலியாண ஆல்பத்தில் காது அழகாக இருக்கும். அடுத்த தீபாவளிக்கு வெட்டச் சொன்ன மாமி எங்கே? "லேசரில ஒரே நாளில" என்று விளம்பரம் போடுகிற அழகுக் கிளினிக்குகளைப் பற்றியும் இதே சந்தேகத்தோடு இருங்கள்.

வழமையாக முதலில் செய்வது கட்டிக்குள்ளேயே ஸ்டீரொய்ட் ஊசி போடுவது, ட்ரையம்சினொலோன் என்ற மருந்து. 4 தொடக்கம் 6 கிழமைக்கு ஒருமுறை, பல முறை. ஊசி நோகும், இறுகின கட்டிக்குள் மருந்து ஏற்றுவது இலேசில்லை. கடியும் நோவும் முதலில் குறையும், பிறகுதான் மேடு பதியும். சுற்றியுள்ள தோல் மெலியலாம், நிறம் வெளிறலாம். எங்கட நிறத்தில் அந்த வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும், பெரும்பாலும் மாதங்களில் திரும்பும். இதை முன்கூட்டியே சொல்லாததால், இரண்டாம் ஊசியோடு பயந்துபோய் நிறுத்தினவர்கள் இருக்கிறார்கள். கடுங்குளிரால் உறைய வைக்கும் முறையும் இருக்கு, அதிலும் நிறம் போகும். சிலிக்கோன் தாளை நாளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல், மாதக்கணக்கில் ஒட்டி வைத்தால் உதவும். வெட்டத்தான் வேணும் என்றால் வெட்டின பிறகு ஊசி, காதை இரண்டு பக்கமும் மெதுவாக அழுத்திப் பிடிக்கிற அழுத்தத்தோடு, சிலருக்குக் கதிர்ச் சிகிச்சை என்று தொடரவேணும். பார்மசி கிறீம் தடித்த கட்டிக்குள் இறங்காது, பக்கத்து நல்ல தோலைத்தான் மெலிய வைக்கும்.

இதற்கெல்லாம் எங்களிடம் இலவச ஆஸ்பத்திரி இருக்கு. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் போதனா வைத்தியசாலையில், கொழும்பில் தேசிய வைத்தியசாலையில் தோல் கிளினிக் நடக்கிறது. ஆனால் ‘இலவசம்’ என்ற சொல்லை ஆடைத் தொழிற்சாலையில் நிற்கிற ஒரு பிள்ளையின் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஆறு ஊசி என்றால் ஆறு நாள் லீவு. வரவுப்படி வெட்டு, பஸ் காசு, விடிய எழும்பி நம்பர் எடுக்கிறது, மருந்து இல்லையென்றால் வெளியில வாங்கச்சொல்லித் துண்டு. தோட்டத்தில் நாட்சம்பளத்துக்குக் கொழுந்து எடுக்கிற பிள்ளைக்கும் இதே கதி. இவ்வளவையும் தாண்டி வந்தவளிடம் தான் கேட்கிறார்கள். என்ர சிநேகிதி ஒருத்தியிடம் ஒரு ஆஸ்பத்திரியில், பின்னால் இருபது பேர் நிற்க, சத்தமாக, "இதெல்லாம் ஏன் குத்துறியள்? வேற வேலை இல்லையோ?" அவள் ஊசி போடாமலே திரும்பி வந்தாள். நீரிழிவுக்காரரிடம் "ஏன் சோறு திண்டனீங்கள்" என்று கேட்டு மருந்து கொடுக்காமல் விடுகிறதில்லையே. வைத்தியருக்குத் தேவையான கேள்விகள் வேறு: எப்ப குத்தினது, எதால குத்தினது, எத்தனை நாளில் வந்தது, எல்லையைத் தாண்டினதா, வீட்டில யாருக்கும் இருக்கா, கர்ப்பமா, சீனி வருத்தம் இருக்கா. "ஏன் குத்தினனீ" என்பதற்கு அந்த நோட்டில் ஒரு கட்டமும் இல்லை.

இப்ப காதை மூடிக்கொண்டு இதை வாசிக்கிற ஆளுக்கு: மயிரை உயர்த்திக் கட்டுங்கோ. பக்கத்தில ஒரு பத்து ரூபாய்க் குத்தியைப் பிடிச்சு, முன்னுக்கும் பின்னுக்கும் படம் எடுங்கோ. நாலு கிழமை கழிச்சு அதே குத்தியோட திரும்ப எடுங்கோ. குத்தின திகதியை ஞாபகம் வையுங்கோ. பெருத்திருந்தால் ரெண்டு படத்தையும் கொண்டு ஓ.பி.டி.க்குப் போய், தோல் கிளினிக்குக்குத் துண்டு கேளுங்கோ. தனியப் போகப் பயமெண்டால் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கோ, நம்பர் எடுக்கக் காலமை வெள்ளனவே போங்கோ.